ஒன்பதில் ஒன்று

பதினொரு நாளாக மழை விடவில்லை. வார்ப்புப் பட்டறையில் எதுவும் காயவில்லை. சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த களிமண் கூடுகள் தொட்டால் விரலில் ஒட்டின. ஈரக் கூட்டில் உருகிய வெண்கலத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். உலைக்காரரின் கன்னத்திலிருந்து கழுத்துவரை அதன் தழும்பு இறங்கியிருந்தது. அதனால் உலையை அணைத்துவிட்டு அவர் வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். மெழுகு மேசையில் மட்டும் வேலை ஓடியது.

மெழுகு மேசை அண்ணியுடையது. வார்ப்பு மேஸ்திரியின் மனைவியாக அந்த வீட்டுக்கு வந்தபோது அவருடைய தங்கைக்கு மட்டும்தான் அண்ணி. பிறகு உலைக்காரருக்கு, தேய்ப்பு வேலைக்காரர்களுக்கு, சரக்கு வண்டிக்காரருக்கு என்று பதினாலு வருஷத்தில் எல்லாருக்குமே அண்ணியாகிவிட்டாள். ரப்பர் அச்சிலிருந்து எடுக்கிற மெழுகு உருவம் பிறக்கும்போது கொஞ்சம் அசிங்கமாகத்தான் பிறக்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேருகிற இடத்தில் ஒரு கோடு புடைத்திருக்கும். காற்று அடைத்த இடத்தில் குழி விழுந்திருக்கும். சின்னக் கத்தியைச் சூடுபண்ணிக் கோட்டை வழித்து, குழியை அடைத்து, கண் மூக்கைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. அந்த மெழுகின் மேல் களிமண் கூடு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில்தான் வெண்கலத்தை ஊற்றுவார்கள். அவள் கையிலிருந்து மெழுகு எப்படிப் போகிறதோ, வெண்கலமும் அப்படியே வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் முன்னால் நடனக்காரி நின்றாள். ஒரு முழ உயரம். ஒரு காலை மடக்கி, ஒற்றைக் காலில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள். மொத்தமே ஒன்பது சிலைதான் வார்ப்பது என்று சிற்பியோடு ஒப்பந்தம். பீடத்துக்கு அடியில் ஒன்பதில் ஒன்று, ஒன்பதில் இரண்டு என்று எண் வெட்டுவார்கள். இது கடைசி. வெள்ளிக்கிழமை சிற்பி வந்து மெழுகைப் பார்த்துச் சரி சொன்னதும், அவர் கண் முன்னாலேயே அச்சைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அதற்குமேல் பத்தாவதாக ஒருத்தி வர வழியில்லை.

"ஊர் ஊராச் சுத்தி, கப்பல் ஏறி, ரயில் ஏறி, கடைசில நம்ம ஒழுகற கூரைக்குக் கீழதான் வந்து நிக்கறா பாருங்க அண்ணி, இந்தப் பொம்பள" என்றார் உலைக்காரர், பெஞ்சில் இருந்தபடியே.

"உங்களுக்கு என்ன, பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை. நான் போன தூரமெல்லாம் உலைக்கும் டீக்கடைக்கும் நடுவுல. அதுக்கு யாரு சிலை வைக்கப் போறா?"

அவர் கையில் ஒரு உறை இருந்தது. சிற்பியின் ஆட்கள் அனுப்பியது. ஒவ்வொரு சிலையோடும் பெட்டியில் வைத்து அனுப்பப் புதிதாக அச்சடித்த அட்டை. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

எத்தனையோ ஊர் சுற்றியபின் ஒரு துறைமுகத்தில் இவளைப் பார்த்தேன் என்று சிற்பி எழுதியிருந்தார். சிறுவயதில் உடைந்து, கோணலாகவே கூடிவிட்ட கணுக்கால். பாதம் உள்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் காலை ஊன்றித்தான் அவள் ஆடினாள். ஆட்டம் முழுவதும் அந்தக் கணுக்காலிலிருந்தே எழுந்து வந்தது. நான் அதன் பின்னால் போனேன், அவ்வளவுதான். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு செய்தி இருந்தது. அடுத்த மாதம் விற்ற சிலைகளை வாங்கியவர்களிடமிருந்து இரவல் பெற்று, ஒன்பதையும் முதல்முறையாக ஒரே கூடத்தில் வைக்கப் போகிறார்கள்.

அண்ணி அதை இரண்டாம் முறை படித்தாள். பிறகு குனிந்து மெழுகின் காலைப் பார்த்தாள்.

அவள் எப்போதும் தலையில் தொடங்கிக் காலில் முடிப்பவள். இந்த மெழுகில் இடுப்புவரைதான் வந்திருந்தாள். ஊன்றிய காலின் கணு வெளிப்பக்கம் புடைத்திருந்தது. பாதம் உள்ளே சரிந்திருந்தது. அச்சின் கோடு சரியாக அந்தக் கணுவின் மேல்தான் ஓடியது. அச்சு ஒரு மயிரிழை நழுவினால் கோட்டின் மேல் இப்படிக் கோணல் வருவது சகஜம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள், ஏழு முறையும். ஏழு முறையும் சூட்டுக் கத்தியால் புடைப்பை வழித்து, பாதத்தை லேசாக வளைத்து, ஓர் அழகான நேரான காலை அந்த நடனக்காரிக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் சிலையை அவள் பார்த்ததே இல்லை. தன் சொந்தத் தங்கையின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தபோது அச்சு தயாராகி, முதல் மெழுகைச் சிற்பியே தன் கையால் திருத்தி, வார்த்து, நிறம் ஏற்றி, பெட்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி பயணம் கிளம்பிவிட்டார். இரண்டிலிருந்து எட்டுவரை அவள் கை.

பின்கட்டு அறையிலிருந்து மேஸ்திரியின் தங்கையின் நடை கேட்டது. ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இழுத்து. அண்ணி சட்டென்று ஈரத்துணியை எடுத்து மெழுகின் மேல் போர்த்தினாள். ஏன் போர்த்தினோம் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

மதியச் சோற்றின்போது மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் அட்டையை விளக்குப் பக்கம் பிடித்து, உதடு அசைய முழுவதும் படித்தார். மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"அடுத்த மாசம் ஒன்பதையும் ஒண்ணா நிறுத்தப் போறாங்க. ஒண்ணு மட்டும் கோணக்கால். கண்ணு தெரியாதவங்ககூடத் தடவிப் பார்த்துச் சொல்லிடுவாங்க."

"அதான் சொல்றேன். இதையும் நேராக்கிடு." அவர் குரல் உயரவே இல்லை. "எட்டு ஒரே மாதிரி இருந்தா மிச்சம் இருக்கற ஒண்ணுதான் தப்பு. முதல் மெழுகு அவர் தொட்டது. அச்சுல இப்படித்தான் ஐயா வந்துச்சு, நீங்கதான் உங்க கையால மாத்தியிருக்கீங்கன்னு சொல்லலாம்."

"அச்சு இருக்கே. அதைப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல அது இருக்காது."

மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் அவர் அதைச் சொன்னார். அந்தக் குரல்தான் அவளைப் பயமுறுத்தியது.

"வெட்டறதுக்கு முன்னால சொல்லிட்டா ஏழையும் திருப்பி வரவழைச்சுக் காலை மட்டும் வார்த்து ஒட்டலாங்க. வெட்டினதுக்கு அப்புறம் கடவுளே நினைச்சாலும் முடியாது."

"முப்பது வருஷமா இந்த உலை எரியுது. ஒரு சிற்பி வெளிய போய், அவங்க என் சிலையைத் தங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திட்டாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்புறம் ஒருத்தன் இந்த வாசலை மிதிக்க மாட்டான். உலைக்காரர் எங்க போவாரு, அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? தேய்க்கறவங்க எங்க போவாங்க?" கையைக் கழுவ எழுந்தவர் நின்று, பின்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். "சின்னவகிட்ட எதுவும் சொல்லாத. கால்னு பேச்சே எடுக்காத."

அதுதான் அந்த வீட்டின் வழக்கம். மேஸ்திரியின் தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டில் அவள் இன்னும் சின்னவள்தான். நாலு வயதில் மதிலிலிருந்து விழுந்தாள். கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. வலது பாதம் உள்ளே சாய்ந்தபடியே வளர்ந்தது. யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை, ஏளனம் செய்ததில்லை. கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அண்ணி வந்த புதிதிலேயே அதைக் கற்றுக்கொண்டாள். குடும்பப் படம் எடுக்கும்போது சின்னவளை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்துவாள். விருந்தினர் வருமுன் அவளை உட்காரவைத்துவிடுவாள். அவளுக்குத் துணி எடுக்கும்போது தரையைத் தொடும் நீளத்தில் எடுப்பாள். எல்லாம் அன்பினால் செய்தவை என்றுதான் அண்ணி நம்பியிருந்தாள். இப்போது மெழுகுக் கத்தியைக் கையில் எடுத்தபோது அந்த அன்பு எப்படி வேலை செய்தது என்று தெரிந்தது. கோணல் என்றதும் கண் பார்த்து முடிப்பதற்குள் கை திருத்தப் போய்விடுகிறது.

இன்னொன்றும் உறைத்தது. சிலைகளுக்கு நிறம் ஏற்றுவது சின்னவள். தேய்த்து முடித்த வெண்கலம் பின்கட்டு அறைக்குப் போகும். அங்கே அவள் தீயால் சூடுகாட்டி, தூரிகையால் அமிலக் கரைசலைத் தொட்டுத் தொட்டு, மூன்று நாள் ஒரு சிலையோடு இருப்பாள். உச்சி முதல் பாதம்வரை அவள் கண்ணில் படாத இடம் கிடையாது. முதல் சிலையும் அவள் கையில் இருந்திருக்கிறது. மற்ற ஏழும் இருந்திருக்கின்றன.

மூன்று வருஷமாக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதன்கிழமை முழுவதும் அண்ணி அந்த நடையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இழுத்து. நடை மெழுகு மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் நின்று, திரும்பிப் போயிற்று. இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது "உப்பு போதுமா அண்ணி?" என்று சின்னவள் கேட்டாள். போதும் என்றாள் அண்ணி. "நல்லாப் பாருங்க. அப்புறம் சொல்லி என்ன செய்ய?" என்றாள் சின்னவள். மேஸ்திரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பத்துமணிக்கு நடை வந்து நின்றது. திரும்பிப் போகவில்லை. சின்னவள் இரண்டு டம்ளர் டீயை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அமிலம் பட்டுப் பட்டு அவள் விரல்நுனிகள் பழுப்பேறியிருந்தன. அந்த விரல்களால் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் காலைத் திருத்தலையா?"

"இல்ல."

"எப்பவும் ஒரே மூச்சுல முடிச்சுடுவீங்களே."

அண்ணி டீயைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. "முதல் சிலைக்குக் கால் வேற மாதிரி இருந்துச்சா?"

"நான்தானே கலர் போட்டேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

சின்னவள் சிரித்தாள். "என்னன்னு சொல்லச் சொல்றீங்க? அண்ணி, நீங்க எடுத்துட்டது என் காலுன்னா?"

வாசலில் உலைக்காரர் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். கூரைத் தண்ணீர் வாளியில் விழும் சத்தம்.

"அட்டையில இருக்கற துறைமுகத்துக்காரிக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தம் இல்ல" என்றாள் சின்னவள். "சிற்பி ஐயா களிமண்ணுல செஞ்சு கொண்டுவந்தார். வண்டி ஆடுன ஆட்டத்துல கால் நொறுங்கிப் போச்சு. நீங்க அப்ப உங்க தங்கச்சி வீட்ல. அவர் தலையில கை வச்சுக்கிட்டு இங்கதான் உட்கார்ந்திருந்தார். நான் வாளியைத் தூக்கிட்டுப் போனேன். பார்த்தார். கொஞ்சம் உட்காரும்மான்னார். ரெண்டு நாள் உட்கார்ந்தேன், இதே ஸ்டூல்ல. துணியை முட்டிவரைக்கும் தூக்கி வச்சுக்கிட்டு."

"அவர் என்ன சொன்னார்?"

"பெருசா ஒண்ணும் சொல்லல. வலிக்குமான்னு கேட்டார். மழைக்கு வலிக்கும்னேன்." சின்னவள் டீயை ஊதினாள். "அதை என்கிட்ட கேட்ட முதல் ஆளு அவர்தான்."

 பதிமூன்று நாள் மழை. ஒருநாள்கூட அண்ணிக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"ரெண்டாவது சிலை வந்தப்ப கால் நேரா இருந்துச்சு. அச்சை மாத்திட்டாங்க போலன்னு நினைச்சேன். மூணாவது வந்தப்பதான் புரிஞ்சுது, அது உங்க கைன்னு. அப்புறம் ஒவ்வொண்ணு வரும்போதும் பார்ப்பேன். இந்தத் தடவையாவது விட்டிருப்பாங்களான்னு."

"நான் வேணும்னு பண்ணல சின்னவ. சத்தியமா. அச்சு நழுவிடுச்சுன்னு நினைச்சேன்."

"தெரியும் அண்ணி. வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேனே."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். போகும்போது, அண்ணன் இதையும் நேராக்கச் சொல்லியிருப்பாரே என்று கேட்டாள்.  பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம்வரை அண்ணி கத்தியைச் சூடுபண்ணவும் ஆறவிடவுமாக இருந்தாள். முழங்காலை முடித்தாள். கெண்டைக்காலை முடித்தாள். அச்சின் கோட்டை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, கணுவைத் தொடாமல் விட்டாள். கோடு போன பிறகு அது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. நாளைக்கு மேஸ்திரியின் முகம் எப்படி மாறும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அதற்கப்புறம் நடக்கப்போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சிற்பி வந்தார். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, உலைக்காரரைத் தோளில் தட்டி, எல்லாரையும் நலம் விசாரித்தார். நல்ல மனிதர். கார் ஓட்டி வந்தவர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி அச்சை நடுக்கொட்டகையில் தயாராக எடுத்து வைத்திருந்தார். பக்கத்திலேயே கத்தியும்.

"முதல்ல மெழுகைப் பார்த்துடலாம் ஐயா" என்று அவரே துணியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அவர் காலைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

அண்ணி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, அச்சை வெட்டறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். ரெண்டுலேருந்து எட்டுவரைக்கும் காலை நான் நேராக்கிட்டேன். அச்சுல வந்த கோணல்னு நினைச்சுப் பண்ணிட்டேன். இவருக்கு அது தெரியாது. அட்டையைப் படிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. ஏழையும் திருப்பி அனுப்பச் சொன்னீங்கன்னா சரி பண்ணித் தரோம். அச்சு இருக்கறவரைக்கும் முடியும்."

 மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். சிற்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா."

அவளுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"ரெண்டாவது சிலையோட போட்டோ வந்தப்பவே பார்த்துட்டேன். உங்களைக் கூப்பிட்டுத் திட்டணும்னு போனைக்கூட எடுத்தேன். அதுக்குள்ள வாங்கினவங்க எழுதியிருந்தாங்க, பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்குன்னு. முதல் சிலையை மூணு பேர் வந்து பார்த்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்க. கால் உறுத்துதாம்." அவர் சிரித்தார். "சரிதான்னு விட்டுட்டேன். உங்க கை நல்ல கைம்மா."

மேஸ்திரி மூச்சு விட்டது கொட்டகை முழுவதும் கேட்டது. அண்ணிக்கும் உடம்பு லேசாயிற்று. தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு முழங்கால்வரை இறங்கியது. அந்த நினைப்பு இறங்கி முடிப்பதற்குள், பின்கட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். நிலையைப் பிடித்தபடி சின்னவள் நின்றிருந்தாள்.

"அட்டையில அப்படிப் போட்டிருக்கீங்களே ஐயா" என்றாள் அண்ணி.

"அட்டை இருக்கட்டும். படிக்கறவங்களுக்கு அது பிடிக்கும். பார்க்கறவங்களுக்கு இது பிடிக்கும்." அவர் மூலைக்குப் போய்ப் பெட்டியின் மூடியைத் தூக்கி, வைக்கோலை விலக்கி, முதல் சிலையை எடுத்து மேசை மேல் வைத்தார். "ஒன்பதும் ஒண்ணா நிக்கும்போது ஒண்ணு மட்டும் வித்தியாசமா இருந்தா கேள்வி வரும். அந்த மெழுகை நேராக்கிட்டு, இந்த ஒண்ணாம் நம்பரையும் மத்ததோட சேர்த்துடுங்க. காலை மட்டும் அறுத்துட்டு நேராப் பண்ணி ஒட்டிடலாம் இல்ல மேஸ்திரி?"

"தாராளமா ஐயா. இவ ஒரு மெழுகு பண்ணிக் குடுத்துடுவா. ஒட்டுனது தெரியவே தெரியாது."

"கலர் போடற பொண்ணு ஒருத்தி இருந்தாளே. நல்லா இருக்காளா?"

"இருக்கா ஐயா, உள்ளதான் இருக்கா" என்றார் மேஸ்திரி, திரும்பிப் பார்க்காமல். "வாங்க, அச்சை முடிச்சுடலாம்."

ஆண்கள் நடுக்கொட்டகைக்குப் போனார்கள். ரப்பரில் கத்தி இறங்கும் சத்தம் வந்தது. உலைக்காரர் ஏதோ சொல்ல, சிற்பி உரக்கச் சிரித்தார்.

மேசை மேல் ஒன்றாம் எண் நின்றது. விலை போகாமல் மூன்று வருஷம் சிற்பியிடமே இருந்து பளபளப்புக் குறைந்திருந்தது. அண்ணி அதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். உடம்பின் கனம் முழுவதும் அந்தக் கோணல் பாதத்தில் இறங்கி, அங்கிருந்து திருகிக்கொண்டு மேலே ஏறி, சாய்ந்த தலையில் போய் முடிந்தது. அவள் திருத்தி அனுப்பிய ஏழு பேரும் சும்மா நின்றிருந்தார்கள் என்று இதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சின்னவள் வந்தாள். துணி தடுக்காமல் இருக்க அதை முட்டிவரை சுருட்டிச் செருகியிருந்தாள். சுவரிலிருந்து இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, சிலையைப் படுக்கவைத்துத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

"என்ன பண்ற சின்னவ?"

"எப்படியும் அறுக்கத்தானே போறாங்க. தலையைப் பிடிங்க அண்ணி, ஆடுது."

சொன்னதும் அண்ணியின் கைகள் போய்ப் பிடித்துக்கொண்டன. ரம்பம் கணுவுக்கு மேலே ஒரு தடவை இழுபட்டது. நிறம் கீறிக்கொண்டு உள்ளிருந்த மஞ்சள் உலோகம் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

அண்ணி ஒரு கையை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். உள்ளங்கைக்குள் கணுவின் புடைப்பு சில்லென்று அடங்கியது. இந்த வடிவத்தை ஏழு முறை அழித்திருக்கிறாள். ஒருமுறையும் தொட்டுப் பார்த்ததில்லை.

"கைய எடுங்க அண்ணி."

"மாட்டேன்."

"நீங்க எடுக்கலன்னா அண்ணன் வந்து எடுப்பார். அவர் எடுக்கலன்னா அந்த ஐயா எடுப்பார். எல்லாரும் நல்லவங்கதான்." சின்னவளின் குரலில் கோபமே இல்லை. "எடுங்க."

"வெட்டணும்னா என் கையையும் சேர்த்து வெட்டு."

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ரம்பத்தின் பற்கள் அண்ணியின் விரல்களின் மேல் வந்து லேசாக உட்கார்ந்தன.

நடுக்கொட்டகையில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று மேஸ்திரியின் குரல் கேட்டது. காலடிகள் இந்தப் பக்கம் திரும்பின. அண்ணி கையை எடுக்கவில்லை. சின்னவள் ரம்பத்தை எடுக்கவில்லை.